மாட்டுக் கொட்டகையில் கரண்டு: பீஸ் கட்டையை மட்டும் நம்பாதீர்கள்



மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி எங்கள் மயிலைப் பசு செத்துப்போனது. நோய் இல்லை, பாம்புக்கடியும் இல்லை. விடியற்காலையில் பால் கறக்கச் சொம்போடு போன அம்மா, கட்டியிருந்த இரும்புக் கம்பத்தடியில் அது கால்களை நீட்டிக் கிடப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டார். "தொடாதீங்கம்மா"ன்னு கத்திக்கொண்டே ஓடி, முதலில் மெயினை அணைத்தேன். அந்த நேரத்தில் எப்படி அது தோன்றியது என்று இன்றைக்கும் தெரியாது. தோன்றியிருக்காவிட்டால் மாட்டோடு அம்மாவும் போயிருப்பார்.

வெளிச்சம் வந்தபிறகு பீஸ் கட்டையை உருவிப் பார்த்தேன். பீஸ் போகவில்லை. கம்பி முழுசாக இருந்தது. 350 கிலோ மாட்டைக் கொல்லுகிற அளவுக்குக் கரண்டு பாய்ந்திருக்கிறது, பீஸ் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் கொஞ்சம் மின்சாரம் கற்றுக்கொண்டேன். கற்றதை இங்கே எழுதுகிறேன்.

இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் கரண்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ரசாயனக்காரருக்கு மாடு இல்லாவிட்டாலும் கடையில் மூட்டை இருக்கிறது. நமக்கு ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் தொழுஉரமும் கட்டுத்தரையிலிருந்துதான் வர வேண்டும். மயிலை போனபோது எங்களுக்குப் பால் வருமானத்தோடு அடுத்த பட்டத்து நெல்லுக்கான கரைசலும் சேர்ந்து போனது.

மாடு முன்கூட்டியே சொன்னது

எங்கள் கொட்டகை (எங்கள் பக்கம் சாளை என்போம்) இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தகரம் போட்டது. மாடு கட்டுகிற கம்பம், தண்ணீர்த் தொட்டிக்கு வரும் குழாய் எல்லாம் அந்தச் சட்டத்தோடு சேர்ந்தவை. லைட்டுக்குப் போகும் ஒயரை அந்தக் குழாயோடு வைத்தே கட்டியிருந்தேன். மாடு சாவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மயிலை தொட்டியில் வாய் வைக்கத் தயங்கியது. நாக்கால் தொட்டுப் பார்க்கும், தலையை உதறும், பின்னால் நகரும். வாளியில் வைத்தால் மடமடவென்று குடித்தது. பால் கறக்கும்போது காலைக் காலை மாற்றி வைத்தது. "இதுக்குக் கொழுப்பு"ன்னு நான் சொன்னேன். தொட்டி கழுவிய அம்மா ஒருநாள், "கண்ணு, தண்ணி சுள்ளுங்குதுடா"ன்னு சொன்னார். "ஈரக் கையிங்கம்மா, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டேன்.

சட்டத்தின் மூலையில் எலி ஒயரைக் கடித்துச் செம்பைக் காட்டியிருந்தது. காய்ந்திருந்த நாளில் கொஞ்சம் கசிந்தது. மழையில் தகர ஓட்டையிலிருந்து தண்ணீர் அந்த இடத்தில் சொட்ட, மொத்தச் சட்டமும் கரண்டாகிவிட்டது. மாட்டின் கழுத்தில் இருந்ததும் இரும்புச் சங்கிலி.

ஆகவே முதல் பாடம் இதுதான். தொட்டிக்கிட்ட வரத் தயங்கும் மாடு, ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மிரளும் மாடு, காரணமில்லாமல் பால் இறக்க மறுக்கும் மாடு இவற்றுக்கு நோய் பார்க்கும்போதே கரண்டையும் பாருங்கள். டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். பத்து இருபது வோல்ட்டுக்கு டெஸ்டர் விளக்கு எரியாது. மாட்டுக்கோ ஒரு சில வோல்ட்டே தெரியும். ஒரு மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தொட்டிக் குழாயிலும் மறு முனையை மாடு நிற்கும் ஈரத் தரையிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது.

பீஸ் ஏன் போகவில்லை?

பீஸின் வேலை, ஒயர் சூடாகி எரியாமல் காப்பாற்றுவது. 5 ஆம்பியர் பீஸ் என்றால் அந்த அளவைத் தாண்டி நன்றாக ஏறினால்தான் உருகும். எம்.சி.பி.யும் அப்படித்தான். ஆனால் உயிர் போவதற்கு ஆம்பியர் கணக்கில் கரண்டு தேவையில்லை. மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியர் சுமாருக்குப் பாய்ந்தாலே பிடித்த கை விடாமல் இறுகிவிடும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 1,000 மில்லி ஆம்பியர் சேர்ந்ததுதான் ஒரு ஆம்பியர். அதாவது பீஸ் கண் விழிப்பதற்கு வெகு முன்பே உயிர் போய்விடும்.

"எர்த்து போட்டிருக்கிறேனே, அப்போது பீஸ் போகுமல்லவா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரண்டு என்பது வோல்ட்டைத் தடையால் வகுத்தால் வருவது. கோடையில் காய்ந்த மண்ணில் அடித்த எர்த்துக் கம்பியின் தடை 50 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 5 ஆம்பியர் பீஸ் இதற்கு அசையாது. 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் விழாது. இரும்புச் சட்டம் முழுக்க 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கும். நான் போட்டிருந்ததோ 5 ஆம்பியர் கம்பிகூட அல்ல. அடிக்கடி பீஸ் போகிறதே என்று மோட்டாருக்குப் போடும் தடித்த கம்பியைச் சுற்றியிருந்தேன். அந்தத் தப்பு யாருடையதும் இல்லை, என்னுடையது.

மாட்டுக்குச் செருப்பு இல்லை

அதே தண்ணீரைத் தொட்ட அம்மாவுக்குச் சுள்ளென்று மட்டும் இருந்தது ஏன்? அவர் காலில் ரப்பர் செருப்பு. அன்றைக்குக் கசிவும் குறைவு. மாடு சாணியும் மூத்திரமும் ஊறிய தரையில் நான்கு வெறும் குளம்பில் நிற்கிறது. கறவை மாடுகளும் கசிவு மின்சாரமும் பற்றி அமெரிக்க வேளாண்மைத் துறை 1991-இல் ஒரு கையேடு வெளியிட்டது. பசுவின் உடம்புத் தடைக்கு அதில் எடுத்துக்கொள்ளும் கணக்கு சுமார் 500 ஓம்தான். 230 வோல்ட்டை 500-ஆல் வகுத்தால் 460 மில்லி ஆம்பியர்.

இன்னொன்றும் உண்டு. கரண்டு மண்ணில் இறங்கும் இடத்தைச் சுற்றி, அடிக்கு அடி வோல்ட் குறைந்துகொண்டே போகும். நம் இரண்டு காலுக்கும் நடுவே ஓர் எட்டு தூரம்தான். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே நாலைந்து அடி. இடைவெளி கூடினால் வோல்ட் வித்தியாசமும் கூடும். மேலும் அந்தக் கரண்டு முன்காலிலிருந்து பின்காலுக்குப் போகும் வழியில்தான் இதயம் இருக்கிறது. அறுந்து விழுந்த மின்கம்பிக்குப் பக்கத்தில் மாடு கம்பியைத் தொடாமலேயே சாவது இதனால்தான். ஆடு, எருமை, குதிரை எல்லா நாலுகால் உயிருக்கும் இது பொருந்தும்.

மின்சாரத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐ.இ.சி.யின் 60364 தரத் தொகுப்பில் 705-ஆம் பகுதி பண்ணைகளுக்கென்றே தனியாக எழுதப்பட்டது. மாட்டுக் கொட்டகையையும் குதிரை லாயத்தையும் வீட்டைப் போல நினைக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை.

உயிரைக் காப்பது எது?

மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்.

முதலாவது, ஆர்.சி.சி.பி. கடையில் "30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி."ன்னு கேளுங்கள். பேசில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். போனது முழுசாகத் திரும்பவில்லை என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் லைனை வெட்டிவிடும். 100, 300 மில்லி ஆம்பியரிலும் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், உயிருக்குப் போதாது. ஓரிரண்டு மூட்டைத் தீவனம் வாங்கும் செலவுதான் ஆகும். நல்ல மாட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கும் எல்லை உண்டு. அளவுக்கு மீறி லோடு ஏறினால் இது விழாது. அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும். ஒரு கையில் பேசையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தாலும் இதற்குத் தெரியாது.

இரண்டாவது, எர்த்து. ஆர்.சி.சி.பி. இருக்கும்போது எர்த்து எதற்கு? எர்த்து இல்லையென்றால், மாடு தொட்டு அதன் உடம்பு வழியாகக் கரண்டு இறங்கும்போதுதான் ஆர்.சி.சி.பி. விழும். எர்த்து இருந்தால், இன்சுலேஷன் கெட்ட அந்த நொடியே கரண்டு எர்த்து வழியே இறங்கி, மாடு தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். முன்பு போட்ட கணக்கை இப்போது போடுங்கள். 30 மில்லி ஆம்பியர், 50 ஓம் தடை. பெருக்கினால் ஒன்றரை வோல்ட். அதற்கு மேல் சட்டத்தில் வோல்ட் நிற்கவே முடியாது.

எர்த்துக்கு இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஒன்றரை இஞ்சு ஜி.ஐ. குழாயை ஈரம் நிற்கும் இடத்தில் இறக்குங்கள். நம் ஊர் வழக்கப்படி கரியும் உப்பும் போடலாம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மாடு நிற்கும், நடக்கும் இடத்திலிருந்து குழி தள்ளியே இருக்கட்டும்.

மூன்றாவது, இரும்பையெல்லாம் ஒன்றாக இணைப்பது. கம்பம், தண்ணீர்க் குழாய், கட்டுச் சங்கிலி வளையம், தகரச் சட்டம், தட்டு வெட்டும் மிஷின், கறவை மிஷின் எல்லாவற்றையும் 8 கேஜ் ஜி.ஐ. கம்பியால் இணைத்து எர்த்தோடு சேர்க்க வேண்டும். எல்லாம் ஒரே வோல்ட்டில் இருந்தால் மாட்டின் மூக்குக்கும் கழுத்துக்கும் நடுவே வித்தியாசம் வராது. புதிதாகச் சிமெண்ட் தளம் போடுகிறவர்கள் தளத்துக்குள் கம்பி வலை வைத்து அதையும் இதோடு இணைத்துவிடுங்கள். பின்னால் நினைத்தாலும் செய்ய முடியாத வேலை அது. ஆனால் ஒன்று, ஆர்.சி.சி.பி. போடாமல் இந்த இணைப்பை மட்டும் செய்துவிடாதீர்கள். ஓர் இடத்தில் கசிந்த கரண்டு எல்லா இரும்புக்கும் போய்ச் சேரும்.

எர்த்தை நியூட்ரலாக்கும் பழக்கம்

மோட்டார் ரூமிலிருந்து ஒரு பேஸ் கம்பியை மட்டும் இழுத்து, நியூட்ரலுக்குப் பதில் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை மண்ணில் அடித்து பல்ப் எரிய வைப்பதை நான் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். ஒயர் மிச்சம் என்று செய்கிறோம். ஆனால் பல்ப் வாங்கும் கரண்டு முழுக்க மாடு நிற்கும் மண்ணில் இறங்குகிறது. 100 வாட் குண்டு பல்ப் எடுப்பது 0.4 ஆம்பியருக்கு மேல். காய்ந்த மண்ணில் அந்தக் கம்பியின் தடை 100 ஓம் என்றால், கம்பியடியில் 40 வோல்ட்! மண்ணிலிருந்து கம்பி கழன்றுவிட்டாலோ, சும்மா தொங்கும் அந்த ஒயரில் பல்ப் வழியாக 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த்துதானே என்று கையில் எடுத்தால் தீர்ந்தது.

இப்படி இருக்கும் லைனில் ஆர்.சி.சி.பி. போட்டால் ஸ்விட்ச் போட்டவுடன் விழுந்துவிடும். "இந்தச் சாமான் சரியில்லைங்க, அடிக்கடி விழுது, நேரா கொடுத்துரலாங்க"ன்னு சொல்லும் ஒயர்மேன் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். விழுகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கொட்டகைக்குப் பேஸ், நியூட்ரல், எர்த்து என்று மூன்று கம்பியும் தனித்தனியாக வர வேண்டும்.

ஒயரும் லைட்டும்

கொட்டகைக் காற்றில் மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா இருக்கிறது. அது செம்பைப் பச்சையாக அரிக்கும், இரும்பைத் துருவாக்கும். வீட்டில் இருபது வருடம் வரும் ஸ்விட்ச் இங்கே சீக்கிரமே கெட்டுவிடும். அரித்த இணைப்பு தளர்ந்து, சூடாகி, பொறி விடும். மேலே ஒட்டடை, பக்கத்தில் வைக்கோல் தூசு. தீ பிடிக்க வேறு என்ன வேண்டும்?

ஸ்விட்ச், பிளக், மெயின் பெட்டி எல்லாம் கொட்டகைக்கு வெளியே, மழைச்சாரல் படாத சுவரில் இருக்கட்டும். கொட்டகைக்குள் தீ பிடித்தாலும் உள்ளே போகாமல் அணைக்க முடிய வேண்டும்.

ஒயரைப் பி.வி.சி. பைப்புக்குள், கொம்பும் நாக்கும் எட்டாத உயரத்தில் கொண்டுபோங்கள். இரும்புச் சட்டத்தோடு வைத்துக் கட்டவே கூடாது. பைப் முனைகளை அடைத்தால் எலி நுழையாது. நடுவழியில் டேப் சுற்றிய ஒட்டு வேண்டாம். ஒட்டு வேண்டுமென்றால் மூடியுள்ள ஜங்ஷன் பெட்டிக்குள் இருக்கட்டும்.

2 எச்.பி. தட்டு வெட்டும் மிஷின் ஓடும்போதே பத்து ஆம்பியருக்குப் பக்கம் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு. அதை லைட் ஒயரில் மாட்டாதீர்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் தனி லைனும் தனி எம்.சி.பி.யும் வேண்டும்.

குண்டு பல்ப் எடுக்கும் கரண்டில் பத்தில் ஒன்பது பங்கு சூடாகத்தான் போகிறது. தூசு படிந்த குண்டு பல்ப் வைக்கோலில் பட்டால் எரியும். ஹாலஜன் அதைவிட மோசம். எல்.இ.டி. போடுங்கள். அதிலும் தூசும் தண்ணீரும் புகாத, ஐ.பி. 65 என்று போட்ட, மூடியுள்ள விளக்காகப் பார்த்து வாங்குங்கள். ஒயரில் தொங்கும் ஹோல்டர் வேண்டாம். தட்டுப்போருக்கும் வைக்கோலுக்கும் நேர் மேலே எந்த விளக்கும் வேண்டாம். போரை மின்கம்பிக்கு அடியில் போடவும் வேண்டாம்.

விளக்கை மாட்டுக்குப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் வைத்தால் கறப்பவரின் நிழல் மடியில் விழும். இரண்டு பக்கமும் சிறு விளக்காக வைத்தால் மடியும் தெரியும், தரையில் ஊர்வதும் தெரியும், மாடும் நிழலுக்கு மிரளாது. விடிய விடிய எரிய வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

குட்டிகளுக்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் சூட்டுக்காகப் பல்ப் தொங்கவிடுகிறவர்கள், ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள். கம்பிக்கூண்டு போட்டு, கூளத்திலிருந்து இரண்டடியாவது மேலே இருக்கட்டும்.

12 வோல்ட் வழி

வெளிச்சம் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. கொட்டகைக்கு 230 வோல்ட்டையே கொண்டுபோக வேண்டாம். 7 வாட் எல்.இ.டி. இரண்டை ஐந்து மணி நேரம் எரித்தால் 70 வாட் மணி. 40 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு இதைப்போல இரண்டு மடங்கு கொடுக்கும். 12 வோல்ட், 20 ஆம்பியர் மணி பேட்டரி போதும், மழை மூட்டத்துக்கு ஒரு நாள் தாங்கும். நேரடி 12 வோல்ட்டில் எரியும் விளக்காக வாங்குங்கள். இடையில் இன்வெர்ட்டர் வைத்தால் மறுபடி 230 வோல்ட் வந்துவிடும். 12 வோல்ட் மாட்டைக் கொல்லாது. ஆனால் பேட்டரி ஒயர் ஒன்றோடொன்று உரசினால் பழுத்துத் தீ பிடிக்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பீஸ் போட்டு, பேட்டரியைக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள். பீஸுக்கு இங்கே சரியான வேலை.

மயிலை போனபிறகு நாங்கள் இப்படித்தான் மாற்றினோம். தண்ணீர் மோட்டாருக்கும் தட்டு வெட்டும் மிஷினுக்கும் மட்டும் ஆர்.சி.சி.பி. போட்ட லைன், கொட்டகைக்கு வெளியே.

மாடு விழுந்துவிட்டால்

மாட்டைத் தொடாதீர்கள், சங்கிலியையும் தொடாதீர்கள். முதலில் மெயின். மின்வாரியக் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டவே போகாமல், மற்றவர்களையும் தடுத்து நிறுத்திவிட்டு, லைன்மேனுக்கோ மின்னகம் எண் 94987 94987-க்கோ சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். கரண்டு நின்றது உறுதியானபிறகே கிட்டப் போய், மூச்சு இருந்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இறந்திருந்தால் புதைக்க அவசரப்பட வேண்டாம். போட்டோ எடுத்து, மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். காப்பீடு இருந்தால் காது வில்லையும் அந்தச் சான்றும் இல்லாமல் வேலை நடக்காது.

தீ பிடித்தாலும் மெயின்தான் முதலில். அதற்கு முன் தண்ணீர் ஊற்றாதீர்கள். கயிற்றில் கட்டுகிறவர்கள் ஒரே இழுப்பில் உருவிக்கொள்ளும் முடிச்சாகப் போட்டுப் பழகுங்கள்.

மாதம் ஒரு நாள்

அமாவாசைக்கு அமாவாசை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை பத்து நிமிடம். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும். எர்த்துக் கம்பி கழலாமல் இருக்கிறதா, பைப்பில் எலி வேலை இருக்கிறதா, விளக்கில் ஒட்டடை சேர்ந்திருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். துடைப்பதையெல்லாம் மெயினை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

நம் வேலையை நாமே செய்துகொள்வது நம்முடைய பெருமை. விதையும் உரமும் பூச்சிவிரட்டியும் நாமே செய்கிறோம். ஒயரிங் வேலையை மட்டும் உரிமம் உள்ள ஒயர்மேனிடம் கொடுங்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வாங்கும் அளவுக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைக்குச் சாயங்காலம் மாடு கட்டப் போகும்போது மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே பீஸ் கட்டை மட்டும்தான் இருக்கிறதென்றால், உங்கள் கொட்டகையில் ஒயருக்குத்தான் காவல் இருக்கிறது. மாட்டுக்கும் கறக்கிறவருக்கும் இல்லை.